பாட்டில் ஆமைக்கு முதல் பரிசு

வங்காள விரிகுடாவைக் காப்பாற்றும் பொறுப்பு மூன்றாம் வகுப்பு ‘பி’ பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பொதுமக்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. மீன்வளத் துறை இருக்கிறது. சுற்றுச்சூழலுக்குச் சென்னையில் ஓர் அமைச்சர், டெல்லியில் ஓர் அமைச்சர். போதாக்குறைக்குப் பசுமைத் தீர்ப்பாயம். இத்தனை பேரும் கோப்பு, கார், பயணப்படி சகிதம் செய்து முடிக்காத வேலையை, எட்டு வயதுப் பிள்ளைகள் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்து முடித்துவிடுவார்கள் என்று இந்தத் தேசம் நம்புகிறது. நம்புவதற்குச் செலவில்லை.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம். ஜூன் 8 கடல் தினம். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை தினம். இந்த மூன்று நாளும் கடலுக்கு மரியாதை. மீதி 362 நாளும் கடலுக்குச் சாக்கடை.

மரியாதை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

இரவு ஒன்பதரை மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தகவல் வரும். ‘கழிவிலிருந்து கலை: கடலைக் காப்போம்’ போட்டி. நாளைக்கே வேண்டும். தேவையான பொருட்கள்: ஒரு லிட்டர் பாட்டில் ஆறு, தெர்மாகோல் ஷீட் இரண்டு, கிளிட்டர் பேப்பர், பொம்மைக் கண் ஒரு பாக்கெட், பெயிண்ட், குளூ கன். கடைசியில் ஒரு வரி: ‘பொருட்கள் சுத்தமாகவும் பார்வைக்கு அழகாகவும் இருக்க வேண்டும்.’ அதாவது குப்பை வேண்டும். ஆனால் அது குப்பை மாதிரி இருக்கக் கூடாது.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடுகிறார்.

“அண்ணாச்சி, காலி பாட்டில் இருக்கா?”

“காலியா எப்படிம்மா விப்பேன்? நிறைஞ்சதுதான் இருக்கு. எத்தனை வேணும்?”

ஆறு. வீட்டுக்கு வந்து ஆறையும் சிங்க்கில் கவிழ்க்கிறார். மாமியார் கூடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார். “ஏம்மா, காசு குடுத்து வாங்கின தண்ணியை ஏன் கொட்டுற?”

“குப்பை வேணும் அத்தை.”

அந்த மாமியார் வாழ்நாள் முழுக்க ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு போட்டு வைத்தவர். கிழிந்த வேட்டியைக் கரித்துணி ஆக்கியவர். பிய்ந்த வாளியில் கறிவேப்பிலைச் செடி வளர்த்தவர். அவரை ஒருவரும் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தவில்லை. கஞ்சம் என்றுதான் சொன்னோம். பனங்காய்க் குரும்பையிலும் நுங்குக் கூந்தலிலும் வண்டி செய்து ஓட்டிய தலைமுறைக்கும் சான்றிதழ் கிடையாது. அவர்கள் செய்த தவறு, எதையும் புதிதாக வாங்காமல் பழையதை வைத்துச் செய்தது.

சரி, ஆமையைச் செய்வது யார்? பிள்ளை பத்து மணிக்கே தூங்கிவிட்டது. அப்பா நள்ளிரவு தாண்டியும் தரையில் உட்கார்ந்து, விரலைச் சுட்டுக்கொண்டு, ஒட்டிக்கொண்டிருக்கிறார். மறுநாள் முதல் பரிசு வாங்கும் ஆமையில் ஒரு சிவில் இன்ஜினீயரின் கைவரிசை பளிச்சென்று தெரிகிறது. நடுவருக்கும் தெரியும். அவரும் ஒரு பிள்ளைக்கு அப்பாதான்.

இப்போது மேடைக்கு வாருங்கள். கொஞ்ச நேரம் இங்கே நிற்பது நல்லது. பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பின்னணியில் பளபளவென்று ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் ஒரு திமிங்கிலம், அதைவிடப் பெரிய அளவில் சிறப்பு விருந்தினர். கீழே தெர்மாகோலில் வெட்டி, ஜிகினா தூவி ஒட்டிய எழுத்துகள்: ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’. இரு பக்கமும் பிளாஸ்டிக் குச்சியில் செருகிய பலூன்கள். விருந்தினர் மேசையில் ஆளுக்கொரு கால் லிட்டர் தண்ணீர் பாட்டில், கண்ணாடித் தாள் சுற்றிய பூங்கொத்து.

2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அலங்காரத்துக்கான தெர்மாகோல் அதில் இருக்கிறது. பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி இருக்கிறது. 100 மைக்ரானுக்குக் குறைவான பி.வி.சி. பேனர் இருக்கிறது. ஆக, பிளாஸ்டிக் ஒழிப்பு மேடையே ஒரு குற்ற நிகழ்விடம். கைது செய்ய வேண்டிய அதிகாரி முன் வரிசையில் உட்கார்ந்து சமோசா சாப்பிடுகிறார். தெர்மாகோல் நமக்குத் தெய்வப் பொருள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2017-ல் வைகை அணை நீர் ஆவியாகாமல் இருக்க அதைத்தானே மிதக்க விட்டோம். அணையைக் காப்பாற்றப் போன பொருள் கடலைக் காப்பாற்றாதா?

விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். மீன் வேடம், நண்டு வேடம், ஜெல்லி மீன் வேடம் போட்ட பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நிற்கிறார்கள். பாலிதீன் செதிலுக்குள் வியர்த்து வழிகிறது. தண்ணீர் கேட்கிறார்கள். ஐயா வந்த பிறகு குடிக்கலாம் என்கிறார் ஆசிரியை. மீனுக்கே தண்ணீர் கிடைக்காத கடல் தின விழாவை நம்மால்தான் நடத்த முடியும்.

ஐயா வந்தார். பேசினார். “செல்லங்களே, கடலைக் காப்பாற்றுவது உங்க கையிலதான் இருக்கு!” கைதட்டல். பாட்டிலைத் திருகி இரண்டு மிடறு குடித்தார். மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டுக் காரேறினார். ஏ.சி. குளிர்ச்சி போய்விடக் கூடாது என்று அந்தக் கார் நிகழ்ச்சி முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. முதல் பரிசு பெற்ற பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைத்தது. நூறு வருஷம் கெடாமல் இருக்க அதை லேமினேட் செய்திருந்தார்கள்.

பிறகு ஆமைக்கு என்ன ஆயிற்று? இதுதான் யாரும் கேட்காத கேள்வி.

மூன்று நாள் பள்ளி வரவேற்பறையில் இருந்தது. படம் எடுத்தார்கள். நான்காம் நாள் ஆயாம்மா அதைக் காயலாங்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். “பெயிண்ட் அடிச்சது, கம் ஒட்டினது எல்லாம் எடுக்க மாட்டோம்மா. வெறும் பாட்டிலா இருந்திருந்தா கிலோ போட்டுக் காசு குடுத்திருப்பேன்.”

அவருக்குத் தொழில் தெரியும். சுத்தமான பெட் பாட்டிலுக்குச் சந்தையில் விலை உண்டு. பொறுக்குபவர், தரம் பிரிப்பவர், மூட்டை கட்டுபவர், நொறுக்கும் ஆலை என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. நொறுங்கித் துகளாகி, உருகி நூலாகி, சட்டையாக மாறி நம் முதுகுக்கே வரும். பெயிண்டும் சுடுபசையும் ஜிகினாவும் ஏறிவிட்டால் அந்தச் சங்கிலியில் அதற்கு இடமில்லை. மறுசுழற்சிக்குப் போகக்கூடிய ஒரே பொருளை எடுத்து, மறுசுழற்சியே செய்ய முடியாத பொருளாக மாற்றி, அதற்கு ‘மறுசுழற்சிக் கலை’ என்று பரிசும் கொடுக்கிறோம். ஜிகினா விஷயம் தனி. உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் நுண்பிளாஸ்டிக் என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் அதன் விற்பனையை நிறுத்தியது. நாம் அதை மீனுக்குச் செதிலாக ஒட்டுகிறோம். சாயங்காலம் கை கழுவுகிறோம். அது வாஷ்பேசின் வழியாக நிஜ மீனுக்குப் போய்ச் சேர்கிறது.

ஆமை மாநகராட்சி லாரியில் ஏறியது. கொடுங்கையூர் அல்லது பெருங்குடி. பெருங்குடிக் குப்பைமேடு எழுந்து நின்றது வேறெங்கும் இல்லை, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து நாம் பெருமைப்பட்டுக்கொண்ட அதே சதுப்பு நிலம். அதன் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. கடலைக் காக்கச் செய்த ஆமை, ஒரு நல்ல மழை பெய்தால், கடலுக்கே நீந்திப் போய்விடும். சிவில் இன்ஜினீயர் ஒட்டியது. அவ்வளவு சுலபத்தில் பிரியாது.

பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. வண்ணத்தையும் பசையையும் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் ஆமை செய்யும். செய்யட்டும். என் கோபம், ஆமை ஏன் சாகிறது என்று அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்பவர்கள்மேல்.

2025 ஜனவரி. சென்னைக் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒன்றிரண்டு இல்லை, ஆயிரத்துக்கும் மேல். பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், நீலாங்கரை என்று காலை நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்கள் சொன்னது மூச்சுத்திணறல். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். இழுவைமடி வலைக்குள் மாட்டினால் வர முடியாது. தண்ணீரில் வாழும் பிராணி தண்ணீரிலேயே மூழ்கிச் செத்தது.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு தொழில் செய்யக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. விதி காகிதத்தில். படகு கரையோரத்தில். வலையில் மாட்டிய ஆமை தப்பிக்க ஒரு கருவியும் உண்டு. டெட் என்பார்கள். வலைக்குள் பொருத்தும் ஒரு கம்பிச் சட்டம், அதன் மேல் ஒரு வாசல். மீன் உள்ளே போகும், ஆமை முட்டிக்கொண்டு வெளியேறும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைக்கு ஏற்றபடி ஒன்றை எப்போதோ வடிவமைத்துக் கொடுத்துவிட்டது. நாம் மாட்டவில்லை. அதைக் காரணம் காட்டி 2019-ல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. அப்போதும் மாட்டவில்லை. மாட்ட வேண்டிய இடத்தில் கம்பியை மாட்டாத துறை, மாட்டக் கூடாத இடத்தில் பேனரை மாட்டி ‘ஆமையைக் காப்போம்’ என்கிறது.

ஆமைக்காக உண்மையாகவே உழைக்கும் மாணவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று ஒன்று நடக்கிறது. முட்டையிடும் காலத்தில் இரவெல்லாம் கரையில் நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். பசையும் இல்லை, ஜிகினாவும் இல்லை. நடு ராத்திரி நடப்பதால் சிறப்பு விருந்தினர் வருவதும் இல்லை.

எண்ணூருக்குப் போவோம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரைக்கு வந்தது. நாம் வாளியால் அள்ளினோம். கல்லூரி மாணவர்களும் வந்து அள்ளினார்கள். செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாடு வாளியோடு நின்ற படம் உலகமெல்லாம் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. கூழைக்கடாக்கள் கறுப்பாகி நின்றன. வலையும் படகும் பாழ். இந்த முறை மீனவர்கள் தங்கள் படகிலேயே போய் மக்கால் அள்ளினார்கள். குளியலறை மக். ஒழுங்கான கையுறைகூட இல்லாமல். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 600-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களோடு மூழ்கியது. வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை ஒதுங்கியது. மணலிலிருந்து அதைக் கையாலும் சல்லடையாலும் பிரித்தோம்.

வாளி. மக். சல்லடை. அடுத்த பேரிடருக்குத் தேக்கரண்டி தயாராக இருக்கும் என்று நம்பலாம்.

எண்ணூர்ப் பிள்ளைகளிடம் யாராவது ‘கழிவிலிருந்து கலை’ கேட்டார்களா? அவர்கள் வீட்டு வாசலுக்குக் கழிவு தானாக வந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றுக்கு வருகிறது. எண்ணெய் படகுக்கு வருகிறது. வராதது விருந்தினர் மட்டும்தான். வெள்ளைச் சட்டை அழுக்காகிவிடும்.

தடைக்கு வருவோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. நல்ல காரியம், கை தட்டினோம். பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை. தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இல்லை. வெயிலில் வண்டி இழுப்பவரும் கட்டட வேலை செய்பவரும் ஒன்றிரண்டு ரூபாய்க்கு வாங்கிப் பல்லால் கடித்துக் குடித்தது பாக்கெட். அது கடலைக் கெடுத்துவிடுமாம். இருபது ரூபாய் கொடுத்துத் திருகிக் குடித்தால் கெடுக்காதாம். கடலுக்கும் ஆள் பார்த்துக் கோபம் வரும்போலிருக்கிறது. அதற்கு முன்பே, 2013-ல், அரசாங்கமே பாட்டிலில் தண்ணீர் அடைத்துப் பத்து ரூபாய்க்கு விற்கத் தொடங்கியிருந்தது. குழாயில் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டியவர்கள் பாட்டிலில் கொடுத்தார்கள். இப்போது பாட்டிலை என்ன செய்வது என்று மூன்றாம் வகுப்பைக் கேட்கிறார்கள்.

2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ வந்தது. மஞ்சப்பையில் எனக்கு மரியாதை உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். அதற்குள் என்ன விழுகிறது? பிளாஸ்டிக் உறையில் பிஸ்கட், பிளாஸ்டிக் உறையில் சிப்ஸ், சரம் சரமாக ஷாம்பு பாக்கெட், பல அடுக்குத் தாளில் மசாலாத்தூள். பை துணி. சரக்கு முழுக்கப் பிளாஸ்டிக். பையைத் தூக்கும் நம்மைத் திருத்த விளம்பரம் உண்டு. சரக்கை அடைக்கும் கம்பெனியைத் திருத்த ஒரு பேனரைக்கூட நான் பார்த்ததில்லை.

இந்த வித்தை நாம் கண்டுபிடித்ததில்லை. குரு அமெரிக்கா. 1971-ல் அங்கே தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. பூர்வகுடி உடையில் ஒருவர் படகில் வருவார். சாலையோரக் குப்பையைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். நாடே கூடச் சேர்ந்து அழுதது. குப்பைக்குக் காரணம் நீங்கள்தான், நிறுத்த வேண்டியதும் நீங்கள்தான் என்பது செய்தி. விளம்பரம் கொடுத்த அமைப்பை 1953-ல் தொடங்கி நடத்தியதில் பாட்டில், டப்பா, குளிர்பானக் கம்பெனிகளுக்குப் பெரும் பங்கு. பாட்டிலுக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் சட்டங்கள் வராமல் தடுக்கப் பார்த்ததும் அதே கூட்டம். கண்ணீர் விட்ட நடிகர் பூர்வகுடியே இல்லை, இத்தாலிய வம்சாவளி. கண்ணீரும் கிளிசரின். அங்கே ஒரு பெரியவரை அழ வைத்தார்கள். இங்கே பிள்ளைகளை ஒட்ட வைக்கிறோம்.

2022-ல் எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்குக் கோகோ-கோலா ஸ்பான்சர். அதே ஆண்டு, 2030-க்குள் தன் சரக்கில் கால் பங்கைத் திரும்பப் பயன்படுத்தும் பாட்டில்களில் தருவதாக உறுதி சொன்னது. 2024 டிசம்பரில் இலக்குகளைத் திருத்தி எழுதியபோது அந்த உறுதியைக் காணோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டுப்பாடத்தைக் காணோம் என்று சொன்னால் முட்டி போட வைப்போம்.

உலக நாடுகள் பிளாஸ்டிக்குக்கு ஓர் ஒப்பந்தம் போடலாம் என்று 2022-ல் நைரோபியில் முடிவெடுத்தன. 2024-க்குள் முடிப்பதாகப் பேச்சு. பூசானில் கூடினார்கள், முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடினார்கள், அங்கும் முடியவில்லை. ஜெனீவாவில் ஐ.நா. வளாகத்தின் முன்னால் பெஞ்சமின் வான் வோங் என்ற கலைஞர் ஒரு பெரிய சிலை வைத்திருந்தார். ரோதானின் சிந்தனையாளர் உட்கார்ந்து யோசிக்கிறார், அவரைச் சுற்றிப் பிளாஸ்டிக் குப்பை ஏறுகிறது. பிரதிநிதிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். பெரியவர்கள் செய்த கலைக்கே அந்தக் கதி. நம் ஊரிலும் பெரியவர்களுக்குக் கடல் கலையில் நாட்டம் உண்டு. மெரினாவில் கடலுக்குள் 81 கோடி ரூபாயில் 134 அடி உயரப் பேனா நினைவுச் சின்னம் வைக்கத் திட்டம் போட்டார்கள். 2023-ல் டெல்லியும் அனுமதி கொடுத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் ஒத்துப்போகிற விஷயங்கள் அபூர்வம். இதில் ஒத்துப்போனார்கள்.

ஒப்பந்தத்துக்குத் திரும்புவோம். பூசானில் முக்கியமான சண்டை ஒன்றுதான். பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான பாலிமர் உற்பத்திக்கே ஓர் உச்சவரம்பு வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றன பல நாடுகள். எண்ணெய் வள நாடுகள் வேண்டாம் என்றன. இந்தியா என்ன சொன்னது? உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் எந்த நடவடிக்கையையும் ஆதரிக்க இயலாது என்றது. இங்கே பள்ளிச் சுவரில் ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’. அங்கே உலகச் சபையில் ‘பிளாஸ்டிக் உற்பத்தியைத் தொடாதே’. இரண்டும் ஒரே அரசு. பிள்ளைக்கு ஒரு வாய், பெட்ரோ கெமிக்கல் ஆலைக்கு ஒரு வாய்.

1950 முதல் 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது ஏறத்தாழ 9 சதவீதம் என்று 2017-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. மிச்சத்தை ஆமையாகவும் ஆக்டோபஸாகவும் ஒட்ட வேண்டுமென்றால் நாட்டிலுள்ள ஆரம்பப் பள்ளிகள் அத்தனையும் இரவு பகலாக ஷிப்ட் போட வேண்டும்.

சட்டமே இல்லையா? இருக்கிறது. உறை போட்டு விற்பவனே உறையைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு என்று 2016 விதிகள் சொல்கின்றன. 2022-ல் அதற்கு ஒரு கணக்கு முறையும் வந்தது. கம்பெனி நேரில் போய்க் குப்பை பொறுக்க வேண்டியதில்லை. மறுசுழற்சி செய்பவரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டினால் போதும். மறு ஆண்டே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதனை போட்டது. சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள். ஆமை செய்த பிள்ளையின் சான்றிதழாவது அசல். கையெழுத்து தலைமை ஆசிரியருடையது.

வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. நீலகிரியில் டாஸ்மாக் பாட்டில்கள் காட்டில் உடைந்து கிடந்தன. யானைகளின் கால் கிழிந்தது. பள்ளிக்கூடங்களில் பாட்டில் யானை செய்யச் சொல்லியிருக்கலாம். நல்லவேளையாக விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2022-ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கு, காலி பாட்டிலைக் கொண்டு வந்தால் திருப்பிக் கொடு என்று ஏற்பாடானது. பாட்டில்களில் பெரும்பாலானவை கடைக்கே திரும்பி வந்தன. குடித்துவிட்டு வீட்டுக்கு வழி தெரியாதவரும் பாட்டிலைக் கடைக்குக் கொண்டுபோகும் வழியை மறக்கவில்லை. ஜெர்மனியில் 2003 முதல் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் இதே கதை, 25 சென்ட். நம் தண்ணீர் பாட்டிலுக்கும் கோலா பாட்டிலுக்கும் ஒரு பத்து ரூபாய் வைத்தால் என்ன? அண்ணாச்சி கடையில் கேட்டால் ஆகாது என்பாரா? அவர் அந்தக் காலத்தில் சோடா பாட்டிலுக்கு முன்பணம் வாங்கியவர்தான். ஆகாது என்பவர் வேறு இடத்தில் இருக்கிறார். அவர்தான் கடல் தின விழாவுக்கு ஸ்பான்சர்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூனிலும் இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் வரும். ஓடாதீர்கள். குளூ கன் வேண்டாம், ஜிகினா வேண்டாம். தெருவில் கிடக்கும் பாட்டில்களைப் பிள்ளையோடு பொறுக்குங்கள். லேபிளைக் கிழிக்காதீர்கள். எந்தக் கம்பெனி எத்தனை என்று பிள்ளையையே எண்ணிக் கூட்டச் சொல்லுங்கள், கணக்குப் பாடமும் ஆயிற்று. சாக்கில் கட்டி அந்தந்தக் கம்பெனிக்கே பார்சல் போடுங்கள், கட்டணத்தைப் பெறுபவர் செலுத்தட்டும். முகவரி தேடி அலைய வேண்டாம். சட்டப்படி அது லேபிளிலேயே அச்சாகியிருக்கிறது.